பட்டியலில் இல்லாத பெயர்

தேவசகாயம் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று வரிசை முன்னால், இடது பக்கத் தூணை ஒட்டின நாற்காலியில், சட்டைக் காலர் நைந்து நூல் தொங்குவது தெரிகிற அளவுக்குக் கிட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தார். மண்டபத்துக்குள் வந்து அரை மணி நேரம் ஆகிவிட்டது. மங்கையர்க்கரசி வந்திருப்பாள் என்று அவருக்குத் தெரியும், பின்னால்தான் எங்கேயோ இருப்பாள் என்றும் தெரியும், இருந்தும் திரும்பவில்லை. அவள் மடியில் ஃபைலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்தக் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வருஷம் மின்ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவளுக்குக் கழுத்து ஒரு பெரிய விஷயம். டிக்கெட் இல்லாதவன் முகத்தை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்வான், சிரிப்பான், கொட்டாவி விடுவான், பேப்பர் படிப்பான், ஆனால் கழுத்தை மட்டும் அவனால் ஒன்றும் செய்ய முடியாது, அது இறுகிவிடும். பெட்டிக்குள் ஏறின உடனே அவள் பார்ப்பது அதைத்தான். இப்போது இந்தக் கழுத்து இறுகியிருக்கிறதா, இல்லை அறுபத்தெட்டு வயசுக் கழுத்து இப்படித்தான் இருக்குமா? மின்விசிறிக் காற்றில் நூல் ஆடியது. மேடையில் நேற்றுக் கல்யாணத்துக்குக் கட்டின பூப்பந்தலைப் பாதி பிரித்து அப்படியே விட்டிருந்தார்கள். அதற்குக் கீழே மேஜை போட்டு, பச்சைத் துணி விரித்து, அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். ‘நல்லாங்கழி அலையாத்திக் காப்பிடத்தின் எல்லைத் திருத்தம் தொடர்பான பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்’ என்று பேனர். எல்லைத் திருத்தம். எவ்வளவு சாதுவான வார்த்தை. நகரத்தின் வடக்கு ஓரத்தில் கடலுக்குப் போகிற தண்ணீர் கடைசியாக ஒரு மூச்சு வாங்கிக்கொள்கிற இடம் அந்தக் கழி. அதில் முப்பத்தெட்டு ஏக்கரை வெட்டியெடுத்து, மண்ணைக் கொட்டி மேடாக்கி, ஒரு கம்பெனி சரக்குப் பெட்டி அடுக்கப் போகிறது. அதற்குப் பெயர் திருத்தம்.

வியாழக்கிழமை. மறுபடியும் அங்கேதான் போய் நிற்கிறது மனசு. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அவள் தேவசகாயத்துக்குப் போன் செய்தாள், கொடுத்துவிட்ட ஆட்சேப மனுவில் சர்வே எண் ஒன்று சரியா என்று கேட்க. “கண் ஆஸ்பத்திரில இருக்கேம்மா, அப்புறம் பேசறேன்” என்றார். நாலரை மணிக்கு அவள் ரயில்வே கேட் அருகே பால் வாங்க நின்றபோது கம்பெனியின் வெள்ளை வண்டி, கதவில் நீலக் கோடு போட்டது, அந்தப் பகுதியில் குழந்தைக்குக் கூட அடையாளம் தெரியும், அந்த வண்டி வந்து நின்றது. பின் கதவைத் திறந்துகொண்டு அவர் இறங்கினார். உள்ளே இருந்த ஆள் ஏதோ சொன்னான், அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல். சரி என்கிற தலையாட்டலா, போதும் போ என்கிற தலையாட்டலா? அவள் பால் பாக்கெட்டோடு மரத்துக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள். தான் எதற்கு ஒளிய வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை. அவர் கண்ணில் கறுப்புக் கண்ணாடி இருந்தது. ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டால் போட்டுக்கொள்ளச் சொல்கிற கண்ணாடிதான். ஆனால் அது எந்தக் கடையிலும் கிடைக்குமே. அன்றைக்குச் சாயங்காலமே கம்பெனி ஆட்கள் குப்பத்தில் தேசம்மா வீட்டுக்குப் போய், “மனுல அஞ்சாவது பேரு உன்னுதுதானே” என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அஞ்சாவது! வரிசை எண் வரைக்கும். ஆபீசில் கொடுத்தது போக, நானூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்ட பட்டியலின் நகல் இருந்தது இரண்டே பேரிடம். ஒருத்தி இவள். இன்னொருத்தர் அவர்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் காப்புக் குழு அன்றைக்கே உடைந்துவிடும். குழு என்றால் என்ன, வீட்டுவசதிக் குடியிருப்பில் நாலு பேர், குப்பத்தில் நாலு பேர், ஒரு ரிட்டையர்டு சர்வேயர், ஞாயிற்றுக்கிழமை காலையில் பிளாஸ்டிக் பொறுக்கிவிட்டு டீ குடிக்கிற கூட்டம். அந்த ஒரு சர்வேயரை நம்பித்தான் எல்லைப் பேச்சே நடந்தது. ஒன்பது மாசத்துக்கு முன்னால் அவராகத்தான் வந்து சேர்ந்தார். கழிக்கரை மண் வரம்பில் நடந்துகொண்டிருந்தவளை நிறுத்தி, “இந்தக் கழி எதுவரைக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார். அவள் கையை நீட்டிக் காட்டினாள். அவர் சிரிக்காமல், “அதுக்கும் அந்தாண்ட, ரயில் பாதை வரைக்கும்” என்றார். எதற்காக வந்தார்? யாரும் கூப்பிடவில்லையே. வரம்பில் வந்து நின்று அவளைத் தேர்ந்தெடுத்தது போலத்தானே இருந்தது. அப்போது அது நல்ல சகுனம் மாதிரி இருந்தது, இப்போது அதே காட்சியை எடுத்துப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. யாரோ அனுப்பி வைத்த ஆள் இப்படித்தான் வருவான். ஒன்பது மாசம் பிளாஸ்டிக் பொறுக்குவானா ஒருத்தன்? பொறுக்குவான். பொறுக்கினால்தானே நம்புவார்கள். மங்கையர்க்கரசிக்கு நெஞ்சு கசந்தது. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்ததாகவும் இருக்கலாம். கீழே சாப்பாட்டுக் கூடத்திலிருந்து வறுத்த வெங்காய வாசனை வந்தது. வலது பக்க வரிசைகளில் கம்பெனி கொடுத்த புதுத் தொப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் சட்டைப் பையில் எல்லாம் மஞ்சள் நிறச் சாப்பாட்டுச் சீட்டு எட்டிப் பார்த்தது. அவள் கண் தன்னையறியாமல் தேவசகாயத்தின் சட்டைப் பையைத் தேடியது. பின்னாலிருந்து பை எப்படித் தெரியும்? தெரியாது என்று தெரிந்தும் தேடியது.

“இன்னாக்கா, மூஞ்சி ஏன் இப்டி கீது?” பக்கத்தில் தேசம்மா. கழியில் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிறவள். விரல் நுனியெல்லாம் வெடித்து வெள்ளை வெள்ளையாக இருக்கும். மங்கையர்க்கரசி குரலைத் தாழ்த்தி, நம் பட்டியல் அவர்கள் கைக்கு எப்படிப் போயிற்று என்று யோசிக்கிறேன் என்றாள். “எந்த லிஸ்ட்டு? கையெழுத்துப் போட்டதா? அத்த தாலுக்கா ஆபீஸ் வாசல்ல ஒட்டிவெச்சிக் கீறாங்களேக்கா, புதன்கெயமையிலேர்ந்து. எம் பேரு அஞ்சாவதா கீது, எம் பொண்ணு போட்டோ புட்ச்சி வந்து காமிச்சா.” என்னவோ ஊர்ச் செய்தி சொல்வது போலச் சொல்லிவிட்டுத் தேசம்மா தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். மங்கையர்க்கரசிக்குக் காது சூடாகியது. புதன்கிழமையே. அப்படியானால் பட்டியல் அவரிடமிருந்து போகவில்லை. போகவேண்டிய அவசியமே இல்லை. ஐந்து நாள் அந்த ஒன்றை வைத்துத்தானே ராத்திரியெல்லாம் புரண்டாள், ஒரு பெரிய கல் போல அது நடுவில் இருந்தது, அதன் மேல்தான் மற்றதையெல்லாம் அடுக்கினாள். கல்லை உருவியாகிவிட்டது. அடுக்கினது சரிய வேண்டுமே. சரியவில்லை. அதுதான் அவளுக்கே வியப்பாக இருந்தது. பட்டியல் இல்லாவிட்டால் என்ன, வண்டி இருக்கிறதே. வண்டியிலிருந்து இறங்கினதை யாரும் வாசலில் ஒட்டி வைக்கவில்லையே. சொல்லப்போனால் பட்டியல் கொடுக்கப் போகவில்லை என்றால், வேறு எதற்குப் போனார் என்று ஆகிறதே, அது இன்னும் மோசமல்லவா?

வேறு எதற்கு என்றால், ஃபைலுக்குள் இருக்கிற இதற்கு. ஞாயிற்றுக்கிழமை பழைய செய்தித்தாளில் சுருட்டி எடுத்துவந்து அவள் கையில் வைத்தார். கழியின் பழைய புலப்படம். நிலத்தை அளந்து, எல்லைக் கல் எல்லைக் கல்லாகக் குறித்துப் போட்ட வரைபடம். முப்பத்தோரு வருஷத்துக்கு முந்தையது. அதில் கழியின் எல்லை ரயில் பாதை வரைக்கும் போகிறது. கம்பெனி கேட்கிற முப்பத்தெட்டு ஏக்கரும் அந்தக் கோட்டுக்குள்ளே, தண்ணீருக்குள்ளே இருக்கிறது. “இது உங்ககிட்டயே இருக்கட்டும்” என்றார். ஏன்? மூன்றாவதாகப் பேசப்போகிறவர் அவர்தான், குழுவில் எல்லாரும் சேர்ந்து அப்படித்தான் எழுதினார்கள், அவரும் “பார்ப்போம்” என்றார். அப்படியிருக்க அதை இவளிடம் எதற்குக் கொடுக்க வேண்டும்? வண்டியில் ஏறி இறங்கி மூன்று நாள் கழித்து. பொய்ப் படமாக இருந்தால்? கூட்டத்தில் இவள் எழுந்து அதை நீட்ட, கம்பெனி வக்கீல் அடுத்த நிமிஷம் அசலை எடுத்துக் காட்ட, போலி ஆவணம் என்று பதிவாகி, நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்தும் அதோடு சேர்ந்து குப்பைக்குப் போக. எவ்வளவு சுலபமான பொறி. இரண்டு ராத்திரி அவள் அந்தப் படத்தை விளக்கில் காட்டிக் காட்டிப் பார்த்தாள். போலி சீசன் டிக்கெட்டைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள். மடிப்பில் மை உதிர்ந்திருக்கிறதா, முத்திரை ஓரத்தில் தேய்ந்திருக்கிறதா, பழசாகத் தெரிய டீத்தண்ணீரில் நனைத்திருக்கிறார்களா என்று. நாக்கு நுனியால் கூட ஒரு ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். தூசி ருசிதான். அவளுக்குப் பிடிபடவில்லை. சீசன் டிக்கெட்டே சில சமயம் பிடிபட்டதில்லை. பச்சைப் புடவை கட்டின ஒரு பெண், கையில் குழந்தைத் துணிப்பை, அவள் டிக்கெட்டில் தேதி அழிந்திருந்தது. போலி என்று பிடித்து ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் ஒன்றரை மணி நேரம் உட்காரவைத்தாள். உண்மையான டிக்கெட். அந்தப் பெண் திட்டக் கூட இல்லை, “ஆஸ்பத்திரில பார்க்கற நேரம் முடிஞ்சிருக்கும்” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு ஆறு மாசம் யார் கண் கலங்கினாலும் விட்டுவிட்டாள், அப்படி விட்ட ஒரு ஆள், மனைவி இறந்துவிட்டாள் என்று அழுதவன், அதே அழுகையை அடுத்த வாரம் வேறு பெட்டியில் வேறு பரிசோதகரிடம் அழுதுகொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தாள். நம்பினாலும் தப்பு, நம்பாவிட்டாலும் தப்பு. ஆனால் இரண்டு தப்பும் ஒன்றல்ல என்று அவளுக்குத் தோன்றும். எது பெரிய தப்பு என்பதுதான் இருபத்தாறு வருஷத்தில் விளங்கவில்லை.

அதனால்தான் காலையில் அதைச் செய்தாள். வாசலில் எழுத்தர் ஒருவர் மேஜை போட்டு, பேசுகிறவர்கள் பெயரைக் குழு குழுவாக வாங்கிக்கொண்டிருந்தார். மங்கையர்க்கரசி கைப்பையிலிருந்து குழுவின் பட்டியலை எடுத்தாள். எடுத்தவள் கொடுக்காமல், மேஜை ஓரத்தில் வேறு தாளை வைத்து முதலிலிருந்து எழுதினாள். ஒன்று தேசம்மா. இரண்டு மங்கையர்க்கரசி. பிறகு நேராக நாலாவது ஆளை மூன்றாவதாக எழுதினாள். தேவசகாயம் இல்லை. பேனா நிற்கக் கூட இல்லை, அவ்வளவு சரளமாக எழுதியது. ஒரு முன்ஜாக்கிரதை, அவ்வளவுதான், கெட்டது செய்ய வந்தவர் என்றால் வாயைத் திறக்க முடியாது, நல்லவர் என்றால் மறந்துபோயிற்று என்று சொல்லிக்கொள்ளலாம். எழுத்தர் அந்தத் தாளை அறிவிப்புப் பலகையில் குத்தினார். அதன் பிறகுதான் அவர் வந்தார். பலகை முன்னால் நின்று, கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விரலை வைத்து மேலிருந்து கீழே படித்தார். கீழே போன விரல் மறுபடி மேலே போய் மறுபடி கீழே வந்தது. இவள் தூணுக்குப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்படுவார், எழுத்தரிடம் கேட்பார், தன்னைத் தேடுவார் என்று காத்திருந்தாள். ஒன்றும் இல்லை. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். ஏன் கேட்கவில்லை? ஒன்பது மாசம் உழைத்தவன் பெயர் விட்டுப்போனால் கேட்கமாட்டானா? பேச விருப்பமில்லாதவன்தான் கேட்கமாட்டான். பேசாமல் இருப்பதாக ஒப்புக்கொண்டவன்தான். அதோ, அந்தத் தலையாட்டல்.

வலது பக்கத்திலிருந்து தொப்பிக்காரர் ஒருவர் மைக்கில், கழி வெறும் கொசு உற்பத்தி, குப்பை, அங்கே பகலிலேயே குடிக்கிறார்கள், கம்பெனி வந்தால் பிள்ளைகளுக்கு வேலை என்று பேசினார். கை தட்டினார்கள். அவர் சொன்னதில் குப்பை உண்மை, குடிப்பது உண்மை. உண்மையை எவ்வளவு லாவகமாகக் கலந்து தருகிறார்கள். பிறகு கம்பெனியின் பொறியாளன், நல்ல பையனாகத்தான் தெரிந்தான், திரையில் ஒரு வரைபடத்தைப் போட்டான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அரசு அளவையர் அளந்து கையெழுத்திட்ட படம் என்றான். அதில் கழியின் எல்லை பழைய வரம்போடு நின்றுவிட்டது. அதற்கு அப்புறம் ரயில் பாதை வரைக்கும் வெறும் தரிசு. வெள்ளையாக. அந்த வெள்ளையில்தான் டிசம்பர் மாசம் பூநாரைகள் வந்து நிற்கும், ஒற்றைக் காலில், ரயில் சத்தத்துக்குக் கூட அசையாமல். பெருவெள்ளம் வந்த அன்று தண்ணீர் அவள் தரைத்தள வீட்டில் சுவிட்சுப் பலகை வரைக்கும் ஏறி, அங்கே நின்று, இரண்டு மணி நேரம் யோசித்துவிட்டு அந்த வெள்ளைக்குள்தான் இறங்கிப்போனது. கழியை ஏற்கெனவே மூடியிருந்த எதிர்க்கரையில் தண்ணீருக்குப் போக இடமில்லை. ஒரே தெருவில் ஏழு பேர் செத்துப்போனார்கள். அவர்களில் ஒருத்தி அவளோடு தினமும் காலை எட்டு பத்து ரயிலில் வந்த சக பரிசோதகர் ரேணுகா. ரேணுகாவின் செருப்பை மட்டும் இவள்தான் அடையாளம் காட்டினாள். மங்கையர்க்கரசி கண்ணைத் திரையிலிருந்து எடுத்துத் தேவசகாயத்தின் மேல் வைத்தாள். அந்தப் படம் திரையில் வந்த கணத்தில் அவர் தலை குனிந்தது. குனிந்து அப்படியே நின்றது. டிக்கெட் இல்லாதவன் இவள் பக்கத்தில் வரும்போது செருப்பைப் பார்ப்பானே, அந்தக் குனிவு. சந்தேகமே இல்லை. இத்தனை நாள் சந்தேகம் என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தது சட்டென்று கெட்டியாகிவிட்டது. ஏதோ செய்திருக்கிறார். இந்த ஆள் ஏதோ செய்திருக்கிறார்.

தேசம்மாவைக் கூப்பிட்டார்கள். அவள் மைக்கைத் தொடாமல் தள்ளி நின்றே பேசினாள், அவள் குரலுக்கு மைக் தேவைப்படவில்லை. “தரிசுன்னு சொல்றியே தம்பி, அந்தத் தரிசுல நான் பதினாலு வயசுலேர்ந்து இடுப்புத் தண்ணில குந்திக்கினு இறா புடிக்கிறேன். தரையில எவனாச்சும் இறா புடிப்பானா? நீ போட்ட படத்துல தண்ணி இல்ல. ஆனா எங் காலு ரெண்டும் தண்ணில ஊறிக் கீதே, வந்து பாரு.” சேலையைக் கொஞ்சம் தூக்கிக் கணுக்காலைக் காட்டினாள். யாரோ சிரித்தார்கள், பிறகு சிரிக்கவில்லை. மேஜை நடுவில் இருந்த பெண் அதிகாரி எதையோ குறித்துக்கொண்டார். அடுத்து, “மங்கையர்க்கரசி.” பெயர் கூரையில் மோதித் திரும்பி வந்தது. எழுந்தாள். தூணைத் தாண்டும்போது தேவசகாயம் கால்களை மடக்கி வழிவிட்டார், அப்போதும் நிமிரவில்லை. மருந்து வாசனை வந்தது அவரிடமிருந்து. கண் மருந்தா? மூன்று நிமிஷம் என்றார்கள். வெள்ளத்தைப் பற்றிச் சொன்னாள், சுவிட்சுப் பலகையைப் பற்றி, எதிர்க்கரையைப் பற்றி. செருப்பைப் பற்றிச் சொல்ல வந்து சொல்லவில்லை. ஃபைல் கையில் கனத்தது. நீட்டாமலே இறங்கிவிடலாம். யாருக்கும் தெரியாது. பொறி என்றால் தப்பித்தாயிற்று. பொறி இல்லை என்றால்? பொறி இல்லை என்றால் முப்பத்தெட்டு ஏக்கரையும் இந்தக் கையாலேயே மூடினதாக ஆகும். “வரம்புக்கு அந்தப் பக்கமும் கழிதான்னு சொல்றீங்க. ஆவணம் ஏதாவது இருக்கா?” என்று அதிகாரி கேட்டார். தன் கை ஃபைலுக்குள் போவதை மங்கையர்க்கரசி யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தாள்.

படம் மேஜைக்குப் போனது. கம்பெனி வக்கீல் எழுந்து எட்டிப் பார்த்தார். எதிர்பார்த்த குரலில், எதிர்பார்த்ததையே சொன்னார். “மேடம், இது அலுவலகப் பிரதி இல்ல. எந்தக் கடையிலயும் வரைஞ்சு வாங்கலாம். இதுக்கு யார் பொறுப்பு? யார் அளந்தது?”

அதிகாரி படத்தின் கீழ் ஓரத்தைப் பார்த்தார். “கையெழுத்து தெளிவா இல்ல. யார் அளந்தாங்கன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?”

அவர் பெயரைச் சொல்லலாம். சொன்னால் எழுந்து, எனக்குத் தெரியாது, நான் கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அதற்குத்தானே வண்டியில் ஏற்றிப் போனார்கள். அவள் திரும்பிப் பார்த்தாள். முதல் தடவையாக அவர் நிமிர்ந்து இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் வேண்டாம் என்று இருந்தது. கெஞ்சல் போல. அது இவளுக்காகவா, அவருக்காகவா என்று கண்டுபிடிக்க நேரமில்லை, மூன்று நிமிஷத்தில் அரை நிமிஷம்தான் பாக்கி.

“குடுத்தவருக்குத் தெரியும்” என்றாள். “இங்கதான் இருக்கார். தேவசகாயம்னு பேரு. சர்வேயர்.”

“அவர் பேர் பட்டியல்ல இல்லையே?”

“என் நேரத்துல மிச்சத்தை அவருக்குக் குடுக்கறேன்.”

அவர் எழ வெகு நேரம் ஆயிற்று. தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மைக் அருகே வந்து, அதன் கழுத்தைச் சரிசெய்தார். சரியாக இருந்ததை மறுபடி சரிசெய்தார்.

“அந்தப் படம் நான் போட்டது. முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னாடி. அளவுச் சங்கிலி பிடிச்சு, முழங்கால் சேத்துல நடந்து அளந்தேன். ரயில் பாதை ஓரம் பதினேழாம் நம்பர் கல்லு இன்னும் இருக்கு, முள்ளை வெட்டினா தெரியும்.” நிறுத்தினார். வக்கீல் எழப் போனார். தேவசகாயம் அவரைப் பார்க்காமல் திரையைக் காட்டினார். “அந்தப் படமும் நான் போட்டதுதான்.”

அதிகாரி பேனாவை வைத்தார். “எந்தப் படம்?”

“இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தினது. கம்பெனி காட்டினது. அதுக்கு நான் கழிக்கே போகலை. மேலேர்ந்து எல்லைக் கோட்டை வரம்போட நிறுத்துன்னாங்க, ஆபீஸ்ல உட்கார்ந்து நிறுத்தினேன். ஒரு மத்தியானம் கூட ஆகலை. அதுல இருக்கறதும் என் கையெழுத்துதான். அது பொய்யி.”

எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். வலது பக்கத்தில் சீட்டி அடித்தார்கள். இடது பக்கத்தில், தங்கள் பக்கத்தில், குப்பத்து ஆள் ஒருவன் நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்து, “துரோகி! ஒம்போது மாசம் கூடவே டீ குட்ச்சிக்கினு இருந்தியேய்யா!” என்று கத்தினான். போலீஸ்காரம்மா அவனை உட்காரவைத்தார். அதிகாரி இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கழி முழுவதையும் மறுபடி அளக்கப் பரிந்துரைப்பதாகவும், அந்த அளவை முடியும் வரை எல்லைத் திருத்தத்தில் எந்த முடிவும் எடுக்கப்படாது என்றும், தேவசகாயம் சொன்னதை எழுத்தில் வாங்கி அவரிடம் கையெழுத்துப் பெறும்படியும் சொன்னார். இதனால் வரக்கூடிய விளைவு அவருக்குத் தெரியுமா என்று கேட்டார். “தெரியும்மா” என்றார். சாப்பாட்டு இடைவேளை விட்டார்கள்.

எல்லாரும் கீழே இறங்கினார்கள். தேசம்மா கூட அவரை விட்டு விலகிச் சுற்றிக்கொண்டுதான் போனாள். தூணை ஒட்டி அவர் உட்கார்ந்திருக்க, அவரைச் சுற்றி நாற்காலிகள் காலியாகிக்கொண்டே போயின. மங்கையர்க்கரசிக்கு நிம்மதி வரவேண்டிய நேரம். கழி தப்பித்தது, இப்போதைக்காவது தப்பித்தது. தன் கணிப்பும் தப்பவில்லை, ஏதோ செய்தவர்தான். ஆனால் மனசு இன்னும் பழைய தடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. இதுவும் ஒரு கணக்கோ? எப்படியும் வெளியே வரப்போகிறது என்று தெரிந்து முந்திக்கொண்டாரோ? ஓட்டத்தை நிறுத்தத் தெரியாமல், அவள் போய் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“வியாழக்கிழமை உங்களை அந்த வண்டியில பார்த்தேன் சார்.”

“ஆஸ்பத்திரி வாசல்லயே நின்னுட்டிருந்தாங்க. இன்னிக்குத் திரையில போட்டாங்களே, அந்தப் படத்தைக் காட்டினாங்க, என் கையெழுத்தோட. வாயைத் திறந்தா நீதான் மாட்டுவேன்னாங்க. பென்ஷன், கேசு எல்லாம் சொன்னாங்க. நான் தலையை ஆட்டிட்டு வந்துட்டேன்.” கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கண் சிவந்திருந்தது. “அதனாலதான் படத்தை உங்ககிட்ட குடுத்தேன். நீங்க காட்டிடுவீங்க, என் பேர் வெளியில வராதுன்னு நினைச்சேன்.”

“பட்டியல்ல உங்க பேர் விட்டுப்போகலை சார். நான்தான் எடுத்தேன். உங்களை நம்பலை” என்றாள்.

அவர் கோபப்படவில்லை. தலையை ஆட்டினார். “பலகையில பேர் இல்லைன்னு பார்த்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமாம்மா? கர்த்தரே காப்பாத்திட்டார்னு நினைச்சேன். பேர் இருந்திருந்தா அப்பவே அப்படியே பஸ் ஏறிப் போயிருப்பேன். இல்லைங்கற தைரியத்துலதான் உள்ள வந்து உட்கார்ந்தேன்.”

இதை நம்புவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. மேடையிலிருந்து எழுத்தர், “தேவசகாயம் யாருங்க? கையெழுத்துப் போடணும்” என்று கூப்பிட்டார். அவர் எழவில்லை. மங்கையர்க்கரசியின் கண் தன்னால் மண்டபத்தின் வாசல் கதவுக்குப் போயிற்று. திறந்திருந்தது, ஒருவரும் இல்லை, வெளியே வெயிலில் பஸ் நிறுத்தம் தெரிந்தது. இப்போது எழுந்து அந்தப் பக்கம் நடந்தால் தடுக்க ஆளில்லை. திரும்பினால், அவரும் அந்தக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாங்க சார்” என்று அவள் எழுந்தாள். “நானும் வரேன்.”

அவர் ஒரு கையைத் தூணிலும் ஒரு கையை அவள் தோளிலும் ஊன்றி எழுந்தார். இரண்டு பேரும் மேடைப் பக்கம் நடந்தார்கள். போகும் வழியெல்லாம் அவள் அரை அடி பின்னாலேயே வந்தாள்.